இடது தோளில் இரண்டு தட்டு

நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. இது என் தோளில் நடந்தது. அவ்வளவுதான்.

அப்போது நான் பயிற்சி டாக்டர். எங்கள் வார்டின் மூத்த டாக்டர் ஒரு மேடம். வாயைத் திறக்க மாட்டார். ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்திருந்தோம். மற்ற வார்டுகளில் சீனியர்கள் காய்ச்சி எடுப்பார்கள், பிறகு கேன்டீனுக்குக் கூட்டிப்போய் காபி வாங்கித் தருவார்கள். எங்கள் மேடத்திடம் திட்டும் கிடையாது, காபியும் கிடையாது.

ஆனால் நான் ஊசியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் பின்னால் வந்து நிற்பார். என் இடது தோளில் விரலால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் செய். இரண்டு என்றால் நிறுத்து. ஊசி கையில் இருக்கும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை. வீட்டை விட்டு வந்த பிறகு என்னைத் தாங்கிய கை அது ஒன்றுதான். அவரிடம் இதைச் சொன்னதில்லை.

அன்று இரவு டூட்டி. முந்தின நாளும் தூக்கமில்லை. ஜன்னலோரக் கட்டிலில் ஒரு லாரி டிரைவர். ஒரு பக்க நுரையீரலைச் சுற்றி நீர் கோத்து, மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். உதடு நீலமாகிவிட்டது. ஊசி போட்டு நீரை எடுக்காவிட்டால் விடிவதற்குள் போய்விடுவார். மேடத்துக்குப் போன் செய்தேன். ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார்.

"ஆரம்பி. வர்றேன்."

டிரைவரைக் கட்டிலில் உட்கார்த்தி, மேசைமேல் குனிந்து சாய வைத்தேன். முதுகு என் பக்கம், முகம் ஜன்னல் பக்கம். மற்ற மூன்று பக்கமும் திரை. சிஸ்டரை அடுத்த கட்டிலுக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

"டாக்டரம்மா... புதுசா?"

"இல்லண்ணே. அசையாதீங்க."

"குரல் நடுங்குதே..."

"குரல்தான் நடுங்குது. கை நடுங்கல."

எக்ஸ்ரே படத்தில் இடப்பக்கம் வெள்ளையாக இருந்தது. நீர் அங்கேதான். ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. அவ்வளவு களைப்பு. இடது விலா இடுக்கைத் துடைத்து, ஊசியைக் கொண்டுபோனேன்.

தட். தட்.

நிறுத்தினேன். மேடம் வந்துவிட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

படத்தை மறுபடி பார்த்தேன். எக்ஸ்ரேயில் நோயாளி நம்மைப் பார்த்து நிற்பார். இவரோ முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். இடமும் வலமும் மாறிவிடும். நீர் இருந்தது வலப்பக்கம். நான் குத்தப் போனது, அவருக்கு மிச்சமிருந்த நல்ல நுரையீரலை.

"தேங்க்ஸ் மேடம்."

பதில் இல்லை. வழக்கம்தான்.

ஆனால் கதவு கிரீச்சிடவில்லை... எங்கள் வார்டுக் கதவு கிரீச்சிடாமல் திறந்ததே இல்லை.

செருப்புச் சத்தமும் இல்லை...

"பின்னால யாரும்மா?"

"பெரிய டாக்டர்."

"கண்ணாடில காணோமே..."

நிமிர்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே இருட்டு. கண்ணாடியில் டிரைவர். அவருக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் திரை.

திரை மட்டும்.

பார்த்துக்கொண்டே இருந்தேன்...

தட்.

ஒன்று.

செய்தேன். வலப்பக்கத்தைத் துடைத்து, மரத்துப்போக மருந்து போட்டு, ஊசியை இறக்கினேன். மஞ்சள் நீர் புட்டியில் சொட்டியது. டிரைவர் மூச்சு விட்டார். எனக்குப் பயம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. தோளில் அந்த ஓர் இடம் மட்டும் சில்லென்றிருந்தது.

புட்டி பாதி நிறைந்தபோது, கிரீச்...

மேடம். தியேட்டர் தொப்பிகூடக் கழற்றவில்லை. படத்தைப் பார்த்தார். புட்டியைப் பார்த்தார்.

"சரியா செஞ்சிருக்க."

"நீங்க தட்டலன்னா தப்பான பக்கம் குத்தியிருப்பேன் மேடம்."

"நானா?"

"எப்பவும் தட்டுவீங்களே. ஒண்ணுன்னா செய். ரெண்டுன்னா நிறுத்து."

"அப்படின்னு யார் சொன்னது உனக்கு?"

யோசித்தேன். யாரும் சொல்லவில்லை.

அவர் கைகள் கோட்டுப் பைக்குள் இருந்தன. அவை வெளியே இருந்து நான் பார்த்ததாக நினைவில்லை.

"உன்னை நான் தொட்டதே இல்ல," என்றார். பிறகு, "கையைக் கழுவிட்டு வா. காபி குடிக்கலாம்."

கேன்டீனில் காபி ஆறி ஆடை கட்டியது. எழும்போது சொன்னார்.

"ரெண்டு தட்டினா நிறுத்திடு. நான் ஒரு தடவை நிறுத்தல."

இப்போது நான் சீனியர். வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி. போன வாரம் புதிதாக வந்த பையன் ஒரு கிழவருக்கு ஊசி இறக்கினான். பின்னால் நின்றேன். என் கைகள் கோட்டுப் பைக்குள் இருந்தன.

முடிந்ததும் கையுறையைக் கழற்றிக்கொண்டே சிரித்தான்.

"தோள்ல தட்டினீங்க பாருங்க, அப்பதான்க்கா தைரியமே வந்துச்சு."

காபி குடிக்கலாமா என்று கேட்டேன்.