ஐந்து இருபதுக்கு விழும் முள்

இதை நான் பயத்தில் எழுதவில்லை. ஆத்திரத்தில் எழுதுகிறேன். நடந்ததில் ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நம்பினால் நம்புங்கள். நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்லை.

நான் இருபத்திரண்டு வருடமாகக் கார் மெக்கானிக். எங்கள் தெருவில் எனக்குப் 'பட்டாசு' என்று பெயர். மூக்கின் மேல் கோபம் உட்கார்ந்திருக்கும். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால், "முதல்ல ஃபியூஸைப் பாருய்யா" என்று வாயை அடைத்துவிடுவேன்.

ஒர்க்‌ஷாப்பை நானும் என் மச்சினனும் சேர்ந்து நடத்துகிறோம். மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. விபத்தில் சிக்கிய வண்டிகளை இழுத்து வரும் லாரி அவன் பொறுப்பு. பழைய வண்டி வாங்கி விற்பதும் அவன்தான். பழுது பார்ப்பது மட்டும் நான்.

அவன் விற்ற வண்டிதான் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு. உள்ளே உட்கார்ந்தால் தரையில் காலை நீட்டி உட்கார்ந்த மாதிரி இருக்கும். வாங்கியவர் ஒரு பல் டாக்டர் அம்மா. மூன்றாவது வாரமே திரும்பி வந்தார். ஆயில் பிரஷர் மீட்டரின் முள் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுகிறதாம்.

இது விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. பிரஷர் நிஜமாகவே பூஜ்யம் என்றால் இரண்டு நிமிடத்தில் இன்ஜின் கடகடவென்று கத்தும். அப்புறம் இறுகி நின்றுவிடும். ஆனால் இந்த இன்ஜின் பட்டுப்போல ஓடியது. அப்படியென்றால் பிரஷர் இருக்கிறது, காட்டுகிற மீட்டர்தான் பொய் சொல்கிறது. சென்ஸாரை மாற்றினேன். போனார், வந்தார். வயரை மாற்றினேன். போனார், வந்தார். மீட்டரையே புதிதாகப் போட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மறுபடியும் வந்து நின்றார்.

"நாலாவது தடவை வர்றேன். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடுங்க, நான் வேற இடம் பாத்துக்கறேன்."

"காலையில நானே ஓட்டிப் பாக்குறேன் டாக்டர். சரியாத்தான் இருக்கு."

"நான் காலையில ஓட்டலையே! சாயங்காலம் கிளினிக் போகும்போதுதான் விழுது. அஞ்சு இருபதுக்கு. ஆறு மணிக்கு மேல தானா ஏறிடுது."

"தினமுமா?"

"தினமும். வாட்ச்ல பாத்து வெச்சிருக்கேன்." சாவியை மேஜையில் வைத்தார். கொஞ்சம் தயங்கினார். "இன்னொண்ணு. சிரிக்காதீங்க. அந்த நேரத்துல எனக்கு நெஞ்சை அடைக்குது. ஸ்டியரிங் கிட்ட நகந்து வர்ற மாதிரி..."

நான் சிரிக்கவில்லை. எரிச்சல்தான் வந்தது. வண்டிக்கு மணி பார்க்கத் தெரியுமா?

நாலு மணிக்கு வண்டியை லிஃப்டில் ஏற்றினேன். அடியில் விளக்கைக் காட்டியதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. முன்பக்கம் முழுக்க வெல்டிங். அதன்மேல் புதுப் பெயின்ட். நசுங்கிப்போன வண்டியை வேறு எங்கோ கொடுத்து நிமிர்த்தி, எனக்கே தெரியாமல் விற்றிருக்கிறான்.

மச்சினனுக்குப் போனைப் போட்டேன்.

"டேய், இது ஆக்சிடென்ட் வண்டியா?"

"லேசா அடிபட்டதுதான் மாமா. இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"லேசாவா? வெளிநாடு போனவர் வித்துட்டுப் போனாருன்னு சொன்னியே!"

"மலைப்பாதையில ஒரு லாரியை இழுத்துட்டிருக்கேன் மாமா. அப்புறம் பேசறேன்."

வைத்துவிட்டான்.

ஐந்து மணிக்கு ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். நான் மட்டும் இருந்தேன். வெளியே நல்ல வெளிச்சம். எதிர் டயர் கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. வண்டியை இறக்கி, சென்ஸார் இருந்த ஓட்டையில் இரண்டாகப் பிரியும் ஒரு 'டி' இணைப்பைப் போட்டு, சென்ஸாரோடு என் பழைய மீட்டரையும் மாட்டினேன். அதில் வயரே கிடையாது. ஒரு ரப்பர் ஹோஸ், ஒரு முள், அவ்வளவுதான். ஆயில் தள்ளினால் முள் ஏறும். பொய் சொல்லத் தெரியாத சாமான்.

5.15. இன்ஜினைப் போட்டேன். டாஷ்போர்டில் முப்பது. என் மீட்டரிலும் முப்பது.

5.18. முப்பது, முப்பது.

5.20. டாஷ்போர்டு முள் விழுந்தது. 'வாடா வா' என்று பானெட் பக்கம் ஓடினேன்.

என் மீட்டரும் பூஜ்யம்.

இன்ஜின் மட்டும் பட்டுப்போல ஓடிக்கொண்டிருந்தது...

பதறி, சாவியைத் திருப்பினேன். இன்ஜின் நின்றது. சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டேன். டயர் கடை ரேடியோவும் எப்போது நின்றது என்று தெரியவில்லை. அப்படி ஒரு அமைதி.

அப்போதுதான் பார்த்தேன். என் மீட்டரின் முள் அசைந்தது.

பூஜ்யத்திலிருந்து ஐந்து. மறுபடி பூஜ்யம். ஐந்து. பூஜ்யம்.

நின்ற இன்ஜினில் எது ஆயிலைத் தள்ளும்? பேட்டரியைக் கழற்றினேன். நிற்கவில்லை. ஹோஸையே இன்ஜினிலிருந்து திருகி எடுத்தேன். சொட்டுச் சொட்டாக ஆயில் வடிந்தது. மீட்டர் என் கையில் இருந்தது. ஹோஸின் மறுமுனை திறந்து கிடந்தது.

ஐந்து. பூஜ்யம். ஐந்து. பூஜ்யம்.

ஹோஸைப் பிடித்திருந்த விரலில் அது தெரிந்தது. இளஞ்சூடு. உள்ளே ஏதோ லேசாகத் துடித்தது. கையை உதறி அதைக் கீழே போட்டேன்.

டொக்...

வண்டிக்குள்ளிருந்து சத்தம்.

டொக்... டொக்...

டாஷ்போர்டு மீட்டரின் கண்ணாடியில் நகத்தால் தட்டுகிற மாதிரி. நியாயமாக நான் ஓடியிருக்க வேண்டும். ஆனால் எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. ஒரு மாதமாக என்னைக் கோமாளியாக்கிய மீட்டர்! 'உன்னைப் பிடுங்கிப் போடுறேன் இரு' என்று ஸ்க்ரூடிரைவரோடு உள்ளே ஏறி உட்கார்ந்தேன்.

அதுதான் நான் செய்த தப்பு.

உட்கார்ந்ததும் மூச்சு நின்றது. ஸ்டியரிங் இருந்த இடத்தில்தான் இருந்தது. எனக்கும் அதற்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. ஆனால் அது என் நெஞ்செலும்பில் அழுந்துவது தெரிந்தது. கால்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. கழுத்து திரும்பவில்லை. ஸ்க்ரூடிரைவர் எங்கே விழுந்ததோ.

கண் மட்டும் திறந்திருந்தது.

முன்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு ஆள். முதுகைக் காட்டியபடி நின்றான். காதில் போன்.

என் மச்சினன்.

அப்பாடா, வந்துவிட்டான். 'டேய்' என்று கூப்பிட்டேன். உதடே அசையவில்லை.

அவன் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"ஆமாங்க, ஸ்பாட்லயே. ஆள் போயிட்டாரு. நீங்க ஒண்ணும் அவசரப்பட வேண்டாம். மெதுவாவே வாங்க."

யாரைச் சொல்கிறான்?

என்னையா?

வலது கையின் ஆள்காட்டி விரல் மட்டும் அசைந்தது. எதிரே மீட்டர் கண்ணாடி. நகத்தால் தட்டினேன்.

டொக்...

நான் வெளியே நின்று கேட்ட அதே சத்தம்.

டொக்... டொக்...

அவன் திரும்பவில்லை.

சுவர்க் கடிகாரம் 5.41.

டொக்...

5.50. கொட்டாவி விட்டான். கடிகாரத்தைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

டொக்...

6.01.

விரலும் நின்றது.

6.03...

சட்டென்று மூச்சு வந்தது. கதவுப் பக்கமாக உருண்டு தரையில் விழுந்தேன். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. வாசலில் யாரும் இல்லை. எதிரே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. தரையில் கிடந்த என் மீட்டரின் முள் பூஜ்யத்தில் அசையாமல் இருந்தது.

மச்சினனுக்குப் போன் செய்தேன். பின்னால் லாரிச் சங்கிலி இழுபடும் சத்தம்.

"எங்கடா இருக்கே?"

"அதே மலைப்பாதையிலதான் மாமா. எண்பது கிலோமீட்டர் இருக்கு. ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவன் வந்தான். டீயைக்கூடக் குடிக்கவிடவில்லை. அவன் சட்டையைப் பிடித்தேன்.

"அந்த வண்டியில ஆள் இருந்தானா இல்லையா?"

அவன் முகம் வெளுத்தது.

"இருந்தாரு. போன வருஷம். நான்தான் முதல்ல போய்ச் சேர்ந்தேன். முன்பக்கம் அப்படியே நசுங்கி உள்ள வந்திருந்துச்சு. கழுத்துல கை வெச்சுப் பாத்தேன் மாமா. நாடி இல்லை. ஆம்புலன்ஸுக்கும் நான்தான் போன் பண்ணிச் சொன்னேன். அவங்க வர்றதுக்கு முன்னாடியே வேற வண்டியை இழுக்கக் கிளம்பிட்டேன்."

"கிளவுஸைக் கழட்டிட்டுப் பாத்தியா?"

விபத்து வண்டியைத் தொடும்போது அவன் தடித்த தோல் கிளவுஸ் போட்டிருப்பான். கண்ணாடிச் சில்லு கிழிக்காமல் இருக்க.

அவன் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். அறைந்தேன். வாங்கிக்கொண்டான்.

வீட்டில் என் மனைவி சண்டைக்கு வந்தாள். "அவன் என்ன டாக்டரா? பதட்டத்துல பாத்திருப்பான். நீங்க கைநீட்டலாமா?" அவளுக்குத் தம்பி. எனக்கு? அந்தச் சீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்தவன் நான்.

பல் டாக்டரிடம், "இந்த வண்டியை இனிமே நீங்க ஓட்டக் கூடாது" என்று மட்டும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். காரணம் கேட்கவில்லை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

வண்டியின் பழைய காகிதத்தில் ஒரு விலாசம் இருந்தது. பத்து நாள் யோசித்தேன். பிறகு போனேன். மாடி வீடு. கதவைத் திறந்தவர் இறந்தவரின் அக்கா. தையல் மிஷின் முன்னால் எனக்கு ஒரு நாற்காலி போட்டார். நான் மெக்கானிக், வண்டி என்னிடம் இருக்கிறது என்று சொன்னேன். வேறு எதையும் சொல்லவில்லை. அவராகவே பேசினார்.

"அஞ்சு இருபது சுமாருக்கு அடிபட்டிருக்கான். யாரோ போன்ல ஆள் போயிட்டாருன்னு சொல்லியிருக்காங்க. அதனால ஆம்புலன்ஸ் வேற ஒரு இடத்துக்குப் போயிட்டு அப்புறம் வந்திருக்கு. வந்து பாத்தா உயிர் இருக்கு. வெளிய எடுத்து ஸ்ட்ரெச்சர்ல வெச்சதும் போயிட்டான். ஆறு மூணுன்னு எழுதிக் கொடுத்தாங்க."

நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"கடைசியா... ஏதாவது பேசினாரா?"

அவர் துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"ஆம்புலன்ஸ்ல வந்த நர்ஸ் சொன்னாங்க. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னானாம். 'நான் இருக்கேன்னு அந்த போன்ல பேசினவர்கிட்ட சொல்லுங்க'ன்னு..."