அரிகிருஷ்ணனின் திருவிழாக் காலண்டர்

செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மைக் செட் கடை வைத்திருக்கும் அரிகிருஷ்ணனுக்குச் சுற்றுப்பட்டுத் திருவிழாத் தேதியெல்லாம் அத்துப்படி. எந்த ஊரில் தீமிதி, எந்த ஊரில் தேர் என்று கேட்டு வளையல்காரியும் பலூன்காரரும் பொரிக்கடைக்காரரும் அவருக்குத்தான் போன் போடுவார்கள். பதில் சொல்லிச் சொல்லி மனிதருக்குத் தொண்டை கட்டிப்போகும். மகள் ரஞ்சனிதான் அவர் போனில் திருவிழாவுக்கென்று தனியாக ஒரு காலண்டர் செய்து கொடுத்தாள். அனுப்பும் இணைப்பைத் தொட்டு ஒருமுறை சேர்ந்துகொண்டால் போதும், பிறகு இவர் போடுகிற தேதியெல்லாம் அவரவர் போனில் தானாக வந்து நிற்கும். காப்பு கட்டுமுன் ஊரில் சாவு விழுந்தால் திருவிழா தள்ளிப்போகும் அல்லவா, இவர் இங்கே மாற்றினால் அங்கேயும் மாறும். இந்த வருடம் பனமலைக்கு மட்டும் இரண்டு முறை மாற்றினார்.

ஊருக்கெல்லாம் நாள் சொல்கிறவருக்குத் தன் மகளுக்கு ஒரு நாள் அமையவில்லை. ரஞ்சனிக்கு வந்த இரண்டு வரன்கள் தட்டிப்போய், தெருவே அதை மென்று தின்றது. திண்டிவனத்து வரன் வந்தபோது, காதும் காதும் வைத்தாற்போல் முடிக்க வேண்டும் என்று மனைவி பூங்குழலி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். மனிதர் மறதிக்காரர். "ரஞ்சனியைப் பெண் பார்க்க வருகிறார்கள், ஞாயிறு மாலை" என்று போனில் குறித்தார். பழகிய கை, நேராகத் திருவிழாக் காலண்டரில் போட்டுவிட்டது.

சனிக்கிழமைதான் அது கண்ணில் பட்டது. உடனே அழித்தார், தன் போனில் காணோம் என்றதும் மூச்சு வந்தது. மற்றவர்கள் போனிலிருந்து போக ஒரு நாள்கூட ஆகும் என்பது அவருக்குத் தெரியாது. ரஞ்சனியைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், கேட்க வெட்கம்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் கேசரியைக் கையில் வாங்கிய நேரம், வளையல்கார ஜெயக்கொடி புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். பின்னாலேயே பலூன்கார விநாயகம், சைக்கிள் நிறையப் பலூனோடு. அவருக்குப் பின்னால் பொரிக்கடைக்காரர், பை நிறையப் பொரியோடு. இத்தனை வருடம் தங்களுக்கு வழி காட்டியவர் தகவல் போட்டிருக்கிறார், போகாமல் இருப்பதா என்று வந்தவர்கள். பூங்குழலி அரிகிருஷ்ணனைப் பார்த்த பார்வையில் அவர் பாதியாகிப்போனார். மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ முணுமுணுத்தாள்.

இரண்டு நாள் கழித்துத் தரகர் போன் செய்தார். இந்த இடம் வேண்டாமாம். காரணம் சொல்லவில்லை. தன் கையால் மகள் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று அரிகிருஷ்ணன் சரியாகச் சாப்பிடவில்லை. காலண்டரை ஒரேயடியாக அழித்துவிடச் சொல்லி ரஞ்சனியிடம் போனை நீட்டினார். அவள் வாங்கவில்லை. பனமலைத் திருவிழா முடியட்டும் நைனா, அதை நம்பிச் சரக்கு எடுத்திருப்பார்கள் என்றாள்.

பனமலையில் ஸ்பீக்கர் கட்டும்போது ஜெயக்கொடியின் கடைப்பக்கம் அவர் திரும்பவே இல்லை. வரன் தட்டிப்போனது இந்நேரம் எல்லாருக்கும் தெரிந்திருக்கும், சிரித்திருப்பார்கள் என்று நினைத்து நினைத்துக் கூனிப்போயிருந்தார். அவளே டீயோடு வந்தாள்.

"வரன் தட்டிப்போச்சாமே. எங்களாலதானாண்ணா?" என்று கேட்டாள்.

இல்லை என்று தலையாட்டினார்.

"இதே பனமலைக்கு எத்தினி வாட்டி தேதி மாத்தின? திருவிழா நின்னுபோச்சுன்னு யாராச்சும் சிரிச்சமா? சரக்கப் பிரிக்காம கட்டி வெச்சிக்கினு போனையே பாத்துக்கினு இருந்தோம். ரஞ்சனிக்கும் அப்பிடித்தான் இருக்கறோம். அன்னிக்கு அவளுக்குன்னு எடுத்தாந்த வளையல இன்னும் வேற யாருக்கும் குடுக்கல. நீ தேதியப் போடுண்ணா."

மைக்கைத் தட்டிப் பார்க்கிற சாக்கில் அரிகிருஷ்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுதுவிட்டார். மைக் போட்டிருந்ததை மறந்துபோனதால், அவர் மூக்கை உறிஞ்சியது பனமலை ஏரிக்கரை வரை கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை.