மணல் மூட்டைகளின் சவாரி

கடைசிப் பெட்டியில் மணல் மூட்டையை ஏற்றிவிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தினார் ராட்டினக்காரர். தொற்றுக்காகப் பூங்காவை மூடி ஐந்து மாதமாகிறது. பல்சக்கரம் இறுகிவிடக் கூடாதென்று தினமும் காலையில் ஆளுக்குப் பதில் மூட்டைகளைச் சுற்றவிடுவார். இளவெயிலில் அவை தூங்கி வழியும் பயணிகளைப்போல மேலே போய்க்கொண்டிருந்தன.

மேனேஜர் காகிதத்தோடு வந்தார். "சனிக்கிழமை திறக்கிறோம். ராட்டினம் நல்லாருக்குன்னு ஒரு கையெழுத்து போடுங்கண்ணே."

"ராட்டினத்துக்கு என்ன சார், நல்லாத்தான் இருக்கு. மூட்டைக்கு மூச்சு வாங்காது. ஜனங்களுக்கு வாங்குமே."

"வேற ஆளைத் தேட வெச்சிடாதீங்க."

இருபது வருஷ வேலை. ராட்டினக்காரர் கொஞ்சம் யோசித்தார். "நீங்க ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. அப்புறமும் கேட்டீங்கன்னா போடுறேன்."

மேனேஜர் சிரித்துக்கொண்டே ஒரு மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பெட்டி மெல்ல மிதந்து உச்சிக்குப் போனதும், வேடிக்கை பார்க்க வழக்கமாக நிறுத்துவதுபோல் ராட்டினக்காரர் நிறுத்தினார்.

கீழே அவருடைய போன் அடித்தது. "என்னண்ணே, பக்கத்து ஆஸ்பத்திரி முற்றம் முழுக்கக் கட்டிலா கிடக்கு?"

"உள்ள இடமில்ல சார். எம்பொண்ணு அங்கதான் நர்ஸு. வீட்டுக்கு வந்து இருபது நாளாச்சு."

உச்சியில் பெட்டி மேகத்தின் ஓரமாக லேசாக ஆடியது.

"இறக்குங்க."

இறங்கியவர் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள், பூங்கா அடுத்த மாதமும் திறக்காது என்று வாசலில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். ராட்டினக்காரர் எட்டு மணிக்கு வந்தார். பத்து மணிக்குத் தூறல் போட்டது. மோட்டார்மீது தார்ப்பாயைப் போர்த்திவிட்டு, மதியம் வீட்டுக்குப் போனார்.