இடப்பக்கக் கால்வாய்

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நற்கருணை வாங்க வரிசை நகரும்போது, பின்னால் இருப்பவர்களைப் பக்கவாட்டு நடைவழியில் திருப்பிவிட்டால் சீக்கிரம் முடியுமே என்று மனம் கணக்குப் போடும். பாசாரில் மீன் வாங்கப் போனால், கூட்டம் எந்தத் திருப்பத்தில் தயங்கி நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே மீனை மறந்து வீடு திரும்புவேன். கெலுகோரில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் சோபாவுக்கும் பால்கனிக்கும் நடுவே நான் நடந்து நடந்தே தரை தேய்ந்துவிட்டது என்பாள் என் மனைவி. அவளுக்குப் பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை. பகல் முழுக்க நாற்காலியில் இருந்துவிட்டு வந்து, வீட்டிலும் நிம்மதியாக உட்காரக்கூடியவள்.

என் தொழிலும் இந்தக் குணத்துக்குத் தோதாகவே அமைந்தது. நாங்கள் வாழும் தீவின் மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு தீம் பார்க்கில் சவாரிகளை வடிவமைக்கிறேன். ஒரு சவாரியை உருவாக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். அது திறக்கும் நாளில் ஆட்கள் கைதட்டும்போது, என் கண் பார்க்கின் வேலிக்கு அப்பால் காலியாகக் கிடக்கும் மலைச்சரிவுக்குப் போய்விடும். அங்கே அடுத்து என்ன வைக்கலாம்? எந்தப் பக்கம் வாசல்? மழைத்தண்ணீர் எப்படி வடியும்? கையில் கொடுத்த கேக்கைச் சாப்பிட்டேனா இல்லையா என்பதுகூட நினைவிருக்காது.

ஒரே ஒரு சவாரி மட்டும் திறந்த பிறகும் என்னை விடவில்லை. அது ஒரு படகுச் சவாரி.

படகில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். ஆளுக்கொரு துடுப்பு. படகைத் தள்ளுவது துடுப்பு அல்ல, தண்ணீரைச் சுழலவிடும் பம்புகள். ஆனால் இருவரும் எப்படித் துடுப்புப் போடுகிறார்கள் என்பதைத் துடுப்பின் பிடிக்குள் இருக்கும் சென்சார்கள் கவனிக்கும். கொஞ்ச தூரம் போனதும் கால்வாய் இரண்டாகப் பிரியும். இருவரின் தாளமும் ஒத்துப்போனால் அங்கே இருக்கும் கதவு வலப்பக்கம் திறக்கும். அங்கே பெரிய குகை, வண்ண விளக்குகள், தலைக்கு மேல் சிறகை விரிக்கும் ராட்சதப் பறவை, இசை எல்லாம் உண்டு. தாளம் தப்பினால் இடப்பக்கம். அங்கே ஒன்றும் இல்லை. நாங்கள் கட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கத்துக்கு ஒதுக்க எங்களிடம் நேரம் மிஞ்சவில்லை. கறுப்புச் சுவர், தவளைச் சத்தம், எங்கோ சொட்டும் தண்ணீர், முன்னால் மினுங்கி மறையும் சில மின்மினிகள். அவ்வளவுதான்.

படகுகளை மாக் மண்டினில் ஒரு பட்டறையில் செய்து வாங்கினோம். கதவை இயக்கும் மென்பொருளை எழுதியவள் சிம்பாங் அம்பாட்டிலிருந்து தினமும் பாலம் கடந்து தீவுக்கு வேலைக்கு வரும் ஓர் இளம்பெண். என்னை அண்ணே என்பாள். அதிகம் பேச மாட்டாள். சொன்னால் அது சுருக்கென்று இருக்கும்.

சவாரி திறந்த முதல் விடுமுறையிலேயே சிக்கல் ஆரம்பித்தது. இடப்பக்கக் கால்வாய் வளைந்து வளைந்து போவதால் நேரம் பிடித்தது. அதில் போன படகுகள் வெளியே வந்து முக்கியக் கால்வாயில் சேர இடம் கிடைக்காமல் நின்றன. வரிசை உணவுக்கடைகளையும் தாண்டி வளர்ந்தது. வெயிலில் குழந்தைகள் அழுதன. அதைவிட மோசம், இருட்டில் போய்வந்தவர்களின் கோபம். அடுத்த படகில் போனவர்கள் பறவையைப் பார்த்துவிட்டு வருகிறார்கள், எங்களுக்கு மட்டும் ஏன் தவளைச் சத்தம் என்று கேட்டார்கள். ஒரு புருஷன் பெண்டாட்டி வெளியே வந்தும் சண்டையை நிறுத்தவில்லை. யாருடைய துடுப்பு தாளம் தப்பியது என்று என்னிடமே தீர்ப்புக் கேட்டார்கள்.

எங்கள் மேனேஜர் ஒரு சீனப் பெண்மணி. மலாயும் ஆங்கிலமும் கலந்து நிதானமாகப் பேசுவார். கத்தியதே இல்லை. அவர் என்னை வரிசையின் கடைசிக்கு அழைத்துப்போய் அங்கேயே கொஞ்ச நேரம் நிற்க வைத்தார். பிறகு, எல்லாப் படகும் வலப்பக்கம் போகட்டும் என்றார். துடுப்பு அசையட்டும், தண்ணீர் தெறிக்கும் சத்தம் வரட்டும், ஜெயித்துவிட்டோம் என்று எல்லோரும் நினைத்துக்கொள்ளட்டும். அவர் சொன்னதில் தப்பு இருந்ததாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெயில் உண்மை. அழுத குழந்தைகளும் உண்மை.

மறுநாள் காலை பார்க் திறப்பதற்கு முன் மென்பொருள் எழுதிய பெண்ணும் நானும் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, துடுப்புக்கும் கதவுக்கும் இருந்த தொடர்பைத் துண்டித்தோம். வேலை முடிந்ததும் அவள் திரையை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இனிமே அவுங்க என்னா செஞ்சாலும் ஒண்ணுதான். சும்மா உக்காந்திருந்தாலும் ஜெயிச்சிடுவாங்க."

நான் எழுந்து நடக்க ஆரம்பித்தேன்.

அதன் பிறகு எல்லாம் சுமுகமாகப் போனது. வரிசை குறைந்தது. வெளியே வந்தவர்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். முதலாளிகள் மகிழ்ந்து, மலைச்சரிவில் பார்க்கை விரிவுபடுத்தும் திட்டத்தை முழுதாகத் தயாரிக்கச் சொன்னார்கள். எனக்குப் பிடித்த வேலை. ஸ்பாஞ்ச் அட்டையில் மலையை வெட்டி மேசைமேல் வைத்து, சவாரிக்கு ஒன்றாகச் சின்னச் சின்னக் கட்டைகளை நகர்த்திக்கொண்டிருந்தேன். ரோலர் கோஸ்டரை மேலே வைத்தால் காற்று, கீழே வைத்தால் குடியிருப்பு. இந்த இடத்தில் கழிப்பறை வேண்டும். அந்த இடத்தில் நிழல் வேண்டும். ஆனால் முன்போல் அதில் மனம் ஒட்டவில்லை. கட்டையை வைத்த கையோடு எழுந்து, கீழே படகுச் சவாரியின் வெளிவாசலுக்குப் போய்விடுவேன். அங்கே நின்று முகங்களைப் பார்ப்பேன். எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். எல்லா முகத்திலும் ஒரே மாதிரிச் சந்தோஷம். என்ன தேடுகிறேன் என்று எனக்கே தெரியாமல் திரும்பி மேலே ஏறுவேன். சில நாட்களில் இப்படிப் பல தடவை. வீட்டில் சாப்பிடும்போதும் கால் ஆடிக்கொண்டே இருந்ததில், மனைவி ஒரு நாள் தட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டாள்.

அப்படி ஒரு வார நாளில் வாசலில் நின்றபோதுதான் அந்தத் தம்பதி வெளியே வந்தார்கள். அறுபதைத் தாண்டிய தமிழர்கள். ஆண்டுச் சீட்டு எடுத்தவர்கள் போலும், அவர்களை நான் முன்பே பல முறை பார்த்திருந்தேன். அவர் உயரமாக, கையில் குடையோடு இருப்பார். அந்த அம்மா கைப்பையை மாரோடு அணைத்துக்கொண்டு வேகமாக நடப்பார். முன்பெல்லாம் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டே வெளியே வருவார்கள். அன்றைக்கு இருவரும் பேசாமல் வந்தார்கள். அவர் தண்ணீர் வாங்கக் கடைப்பக்கம் போனார். அந்த அம்மா என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்துவிட்டு நின்றார்.

"தம்பி இங்கயா வேல செய்றீங்க? இந்தப் படகுல என்னமோ மாத்திட்டீங்களா?"

ஏன் கேட்கிறீர்கள் என்றேன்.

"எனக்குத் தோள் வலி. பாதியிலயே துடுப்ப விட்டுட்டேன் லா. அது பாட்டுக்குப் போயி பெரிய குகைக்குள்ள நிக்கிது. மின்ன அப்படி இல்லையே. நாங்க அந்த இருட்டுப் பக்கம்தான் போவோம்."

இருட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். கேட்கும்போதே வெட்கமாக இருந்தது. கட்டியவன் கேட்கிற கேள்வியா அது?

அந்த அம்மா சொன்னதை என்னால் இன்றும் அப்படியே சொல்ல முடியும். பிள்ளைகள் இரண்டு பேரும் சிங்கப்பூரில். பட்டர்வொர்த் வீட்டில் இவர்கள் மட்டும். மருந்து சாப்பிட்டாச்சா, கதவைப் பூட்டியாச்சா என்பதற்கு மேல் வீட்டில் பேச்சு இல்லை. சண்டை போடவும் விஷயம் இல்லை.

"இங்க வந்தாதான் அவரு என்னைப் பாத்துப் பேசுவாரு. மெதுவா போடு, இப்ப நிப்பாட்டு, நான் போடுறதப் பாருன்னு. நானும் நல்லா ஏசுவேன். அந்த இருட்டுக்குள்ள போவணும்னா ரெண்டு பேரும் வேணும்னே தப்பாப் போடணும். அதுக்கும் ஒண்ணாப் பேசி வச்சாத்தான் முடியும், தெரியுமா. உள்ள போயிட்டா யாரும் கத்த மாட்டாங்க. தவள மட்டும்தான்."

அவர் கணவர் தண்ணீர்ப் புட்டியோடு வந்துவிட்டார். அந்த அம்மா பேச்சை நிறுத்தி, போகலாம் என்று தலையசைத்தார். இருவரும் ஒரே குடைக்குள் வாசலை நோக்கி நடந்தார்கள்.

நான் நேராக மேனேஜரின் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்றார். தெரியாது என்றேன். கோபப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று தனக்குத் தெரியும் என்றார். சன்னல் பக்கம் போனேன், திரும்பி வந்தேன். வார நாள் காலையில் வரிசையே இருக்காது, அப்போது மட்டும் துடுப்பை மறுபடி இணைத்துப் பார்க்கலாமே என்றேன். ஏறுவதற்கு முன்பே வழி இரண்டு என்று சொல்லிவிடலாம். ஏமாந்துவிட்டோம் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

அவர் தன் அம்மாவும் அப்பாவும் இப்படித்தான், ஒரே வீட்டில் இரண்டு தொலைக்காட்சி என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நாள் செய்து பார்ப்போம் என்றார்.

கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு, சிம்பாங் அம்பாட்டுப் பெண் அன்றே உட்கார்ந்து மென்பொருளைத் திருத்தினாள். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அந்த வேகத்தில் விரிவாக்கத் திட்டத்திலும் கை வைத்தேன். இடப்பக்கக் கால்வாயை வேலிக்கு வெளியே நீட்டி, மலைச்சரிவு வரை கொண்டுபோய், மேற்கூரை இல்லாத நிஜ மரங்களுக்கு நடுவே படகு போகிற மாதிரி வரைந்தேன். பாதையில் இன்னும் இரண்டு கிளைகள். நேரக் கட்டுப்பாடு இல்லாத சவாரி. என் வாழ்நாளில் நான் வரைந்தவற்றில் அதுதான் நல்லது என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கோலாலம்பூரிலிருந்து முதலாளிகள் வந்தார்கள். அட்டை மலையைச் சுற்றி நின்று பார்த்தார்கள். மரியாதையாகக் கேள்வி கேட்டார்கள். முடிவில் ரோலர் கோஸ்டருக்கு முதலிடம் கொடுத்தார்கள். என் கால்வாயை மூன்றாம் கட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். மூன்றாம் கட்டம் எப்போது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்தத் தொழிலில் அதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். மேனேஜர் எனக்காக ஒரு வார்த்தை பேசினார். பிறகு அவரும் ரோலர் கோஸ்டரின் தூண்கள் எங்கே வரும் என்ற பேச்சுக்கு மாறினார்.

அதற்குப் பிந்திய நாட்கள் நன்றாக இல்லை. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். வேறு ஊர் பார்க்குகளுக்கு விண்ணப்பம் எழுதினேன், அனுப்பவில்லை. எங்கே போனாலும் வரிசை இருக்கும், வெயில் இருக்கும்.

அப்படி இருந்த ஒரு வார நாள் காலையில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து சிம்பாங் அம்பாட்டுப் பெண் கூப்பிட்டாள். ஓடினேன். திரையில் ஒரு படகு, கால்வாய் பிரியும் இடத்தில் சிக்கி நின்றது. கதவு வலப்பக்கம் கொஞ்சம் போகும், உடனே இடப்பக்கம் திரும்பும். படகில் அந்தத் தம்பதி. அவர்கள் துடுப்பு ஒரு கணம் ஒத்துப்போனது, அடுத்த கணம் தப்பியது. எந்தப் பக்கம் திறப்பது என்று கதவுக்கே தெரியவில்லை. இப்படி நடக்கும் என்று நாங்கள் யோசித்ததே இல்லை.

பின்னால் வேறு படகு இல்லை. தண்ணீர் ஆழமும் முழங்கால் வரைதான். என் கை நிறுத்தும் பொத்தான்மேல் இருந்தது. அழுத்தினால் விளக்கெல்லாம் எரியும், ஆட்கள் போய் இழுத்துவிடுவார்கள்.

"அண்ணே, நிப்பாட்டிடலாமா?" என்றாள்.

பாதுகாப்புக்காக அங்கே பொருத்தியிருந்த ஒலிவாங்கியில் அவர்கள் குரல் கேட்டது. சொற்கள் புரியவில்லை. அவர் ஏதோ விளக்குகிறார், அந்த அம்மா மறுக்கிறார், அவர் மறுபடி விளக்குகிறார். பயந்த குரல்கள் இல்லை.

"இரும்மா. கொஞ்சம் இரு," என்றேன்.

இருவரும் துடுப்பை நிறுத்தினார்கள். அவர் துடுப்பை விட்ட கையைத் தூக்கிக் காட்டினார். அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு, தன் துடுப்பை மட்டும் மெதுவாகப் போட்டார். ஒரு தடவை, இன்னொரு தடவை. கதவு முழுதாக இடப்பக்கம் திரும்பியது. படகின் மூக்கு வளைந்து, இருட்டுக்குள் போனது. அந்த அம்மா சிரிப்பது கேட்டது. பிறகு தவளைச் சத்தம் அதை மூடிக்கொண்டது.

என் கை பொத்தான்மேல்தான் இருந்தது. அவள் அதற்குள் திரையில் கதவின் கணக்கைத் திறந்து, எங்கே தடுமாறியது என்று தேட ஆரம்பித்துவிட்டாள்.

வெளிவாசலில் அவர்களைப் பார்த்து, படகு நின்றதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் பரவாயில்லை என்று குடையை அசைத்தார். அந்த அம்மா மலைப்பக்கம் கையைக் காட்டி, மண்வெட்டும் இயந்திரம் எல்லாம் நிற்கிறதே, அங்கே என்ன வரப்போகிறது என்று கேட்டார். ரோலர் கோஸ்டர் என்றேன்.

"அது நமக்கு வேணாம் லா," என்றார் கணவரைப் பார்த்து. "பிரஷர் ஏறிடும்."

அவர் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. அதற்கும் அந்த அம்மா ஏதோ மறுத்துச் சொல்ல, பேசிக்கொண்டே போனார்கள். நிலத்தை அளப்பவர்கள் மேலே காத்திருந்தார்கள். முதல் தூணுக்கு அன்றைக்குத்தான் இடம் குறிக்க வேண்டும். தூறல் ஆரம்பித்திருந்தது. நான் மேட்டில் ஏறினேன்.