மூன்றாவது ரீலில் வரும் ஆத்தா

சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கொடுக்கிறவரிடம் ஜனங்கள் சண்டை போடுவார்கள். டிக்கெட் கிழிக்கிறவளிடம் குடும்பக் கதை சொல்லுவார்கள். ஆஸ்பத்திரியிலோ ஜவுளிக்கடையிலோ எங்கேயாவது வாசலில் நின்று சம்பளம் வாங்கியவர்கள் இதைப் படித்தால், "ஆமாம், நமக்கும் இதே பாடுதான்" என்று தலையாட்டுவீர்கள். சங்கரன்கோவிலில் ஒரு தகரக் கொட்டகையில் பெண்கள் பக்கத்து வாசல் என் பொறுப்பு. வெள்ளைக்காரன் போவதற்குக் கொஞ்சம் முன்னால் சேர்ந்தேன். பன்னிரண்டு வருஷம் நின்றேன். கால் வீக்கத்தைத் தவிர அங்கிருந்து நான் எதையும் கொண்டுவரவில்லை என்று என் தங்கச்சி சொல்லுவாள். அவளுக்கு என்ன தெரியும்.

என் பெயர் பாக்கியம். மேலநீலிதநல்லூர்ப் பக்கம் வேதக்காரக் குடும்பம், அதாவது கிறிஸ்தவர்கள். என் வீட்டுக்காரர் சிவகிரி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், விஷக் காய்ச்சலில் போய்விட்டார். கொட்டகை மேனேஜர் அவருடைய கூட்டாளி. அப்படி வந்த வேலை. எங்கள் கொட்டகைக்கு வருகிற படங்களில் பாதிக்கு மேல் சாமிப் படம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலில் ஜெபம் பண்ணிவிட்டு, மத்தியானம் அம்மன் படத்துக்கு ஆள் விடுகிற என் பிழைப்பை நினைத்து முதல் வாரம் எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு போய் வேடிக்கை பார்க்க ஆரம்பித்தேன்.

தட்டில் புற்றுமண்

சாமிப் படம் என்றால் மேனேஜர் அண்ணாச்சி இரண்டு வாசலிலும் ஒரு தட்டு பிடிக்கச் சொல்லுவார். அதில் சங்கரநாராயணர் கோயிலிலிருந்து கொண்டுவந்த புற்றுமண். வருகிறவர்கள் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டு, செருப்பை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போவார்கள். திரையில் சாமி வரப்போகிறது, செருப்புக் காலோடு எப்படி உட்காருவது? ஆட்டம் விட்ட பிறகு என் வாசலில் செருப்புக்காக நடந்த யுத்தங்களை எழுதினால் அதுவே ஒரு புராணம் ஆகிவிடும்.

ஒரு தடவை குருவிகுளத்திலிருந்து வண்டி கட்டி வந்த அம்மாள் ஒருத்தி, தட்டில் கை வைக்கப் போனவள் நின்றுவிட்டாள். என் வெறும் நெற்றியைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், மறுபடி நெற்றியைப் பார்த்தாள். பின்னால் இருபது பேர் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் முந்திக்கொண்டு, நான் வேதக்காரிதான், ஆனால் மண் கோயில் மண், நான் அதைத் தொடவில்லை, தட்டை மட்டும்தான் பிடித்திருக்கிறேன் என்று விளக்கம் சொன்னேன். திரும்பிப் போய்விடுவாளோ என்று எனக்குப் பயம். அவள் தாராளமாக இரண்டு சிட்டிகை எடுத்துக்கொண்டு சொன்னாள்:

"நீ எந்தச் சாமிய வேணும்னாலும் கும்பிடு தாயி, தட்ட மட்டும் சாய்க்காமப் பிடி."

ஆத்தா வருகிற நேரம்

எங்களிடம் இருந்தது ஒற்றை மெஷின். ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்டுவார்கள். ஒரு அம்மன் படத்தில் மூன்றாவது ரீல் முடிகிற இடத்தில் உடுக்கைச் சத்தத்தோடு ஒரு பாட்டு வரும். அம்மன் கண்ணை விழித்துப் பார்ப்பாள். அந்த இடத்தில் பெண்கள் பக்கத்தில் யாராவது ஒருத்திக்கு அருள் வந்துவிடும். ஆப்பரேட்டர் விளக்கைப் போட்டுக் காத்திருப்பார். நான் வேப்பிலையும் செம்புத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு ஓடவேண்டும். இதுவும் என் வேலையில் சேர்த்தி. வேதக்காரி தெளித்தால் ஆத்தா இறங்கிப் போவாளா என்று கேட்காதீர்கள். நான் தெளித்த தண்ணீருக்கும் இறங்கினாள்.

அடிக்கடி அருள் வந்தது பேச்சியம்மாளுக்குத்தான். ஆட்டுக்கிடை போடுகிற குடும்பம். அவள் புருஷன் மாடசாமி ஆண்கள் பக்கத்தில் இருப்பார். நடுவே இடுப்புயரத் தட்டி. வீட்டில் பேச்சி வாய் திறந்தால் அவர் காதில் ஏறாது. அருள் வந்துவிட்டால் தட்டிக்கு இந்தப் பக்கமிருந்து "ஏலே மாடா" என்று ஒரு குரல் போகும். மனுஷன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நிற்பார். முதல் தடவை ஆத்தா, இவள் குடம் சுமந்து இடுப்பு ஒடிகிறது, வண்டியில் பீப்பாய் வைத்துத் தண்ணீர் கொண்டு வா என்றாள். மறு வாரம் பீப்பாய் வந்தது. அடுத்த தடவை, மகள் கோமதியைப் பள்ளிக்கூடத்தில் சேர் என்றாள். எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்தாள்.

எனக்கோ குறுகுறுப்புத் தாங்கவில்லை. ஆத்தாளுக்குப் பீப்பாயும் பள்ளிக்கூடமும் எப்படித் தெரியும்? ஒருநாள் பேச்சி முகம் கழுவிக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டுவிட்டேன்: அதைச் சொல்லுவது ஆத்தாளா, நீயா? அவள் கோபப்படவில்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"எனக்கெப்படிக்கா தெரியும்? நான்தான் அப்ப அங்கன இல்லையே."

உபதேசியாரின் சந்தேகம்

எங்கள் சபை உபதேசியாருக்கு சினிமா என்றாலே ஆகாது. ஞாயிறு பிரசங்கத்தில் சினிமாக் கொட்டகை நரகத்தின் திட்டிவாசல் என்பார். சொல்லும்போது என் பக்கம் பார்க்கமாட்டார். அதனாலேயே மற்ற எல்லோரும் பார்ப்பார்கள்.

ஒரு பக்திப் படம் ஐந்து வாரம் ஓடியது. சாமி குற்றம் என்று ஊர் ஒதுக்கிவைத்த குருட்டுப் பிள்ளை ஒன்று, கோயில் கோயிலாக நடக்கிற கதை. ஊர் முழுக்க அந்தப் பேச்சுதான். ஒரு சாயங்காலம் ஜெபக்கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு உபதேசியார் என்னை நிறுத்தினார். வேலையை விடச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். இந்த வேலை போனால் நானும் தங்கச்சியும் என்ன செய்வோம்? அவர் இரண்டு பக்கமும் பார்த்தார், தொண்டையைச் செருமினார், குரலைத் தாழ்த்தினார்.

"பாவம் பாவந்தான், அதுல மாத்தமில்ல. ஆனா அந்தப் பிள்ளைக்குக் கண்ணு வந்துச்சா இல்லையா, அத மட்டும் சொல்லு."

அம்மன் கண்ணடித்த படம்

பிறகு காலம் மாறியது. சாமியைக் கேள்வி கேட்கிற படங்கள் வர ஆரம்பித்தன. போஸ்டரைப் பார்த்ததுமே மேனேஜர் அண்ணாச்சி புற்றுமண் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அதில் ஒரு படத்தில், மாமியாரை மிரட்டுவதற்காக ஒரு மருமகள் பொய்யாக அருள் வந்து ஆடுவாள். உள்ளூர்ப் பூசாரி அவளுக்குக் கூட்டு. பட்டணத்தில் படித்த கதாநாயகன் வந்து எல்லாவற்றையும் உடைத்துக் காட்டுவான். வசனம் ஒவ்வொன்றும் சுரீர் என்று இருக்கும். வாசலில் நின்று கேட்ட நானும் கை தட்டினேன். ஊரில் அப்படி ஏமாற்றுகிறவர்கள் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் ஒன்று. பொய்யாக ஆடுகிற மருமகளாக வந்த நடிகை, நம் பழைய படத்தில் அம்மனாக வந்த அதே நடிகை. அதே விரித்த தலை, அதே உருட்டு விழி. ஆடி முடித்துவிட்டு, மாமியார் காலில் விழுந்து கிடக்கும்போது, எங்களைப் பார்த்து ஒரு கண்ணடிப்பாள். ஆண்கள் பக்கம் விசில் கூரைத் தகரத்தைத் தூக்கியது. பெண்கள் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. ஒரு காலத்தில் இவள் முகத்துக்குச் சூடம் காட்டியவர்கள் எல்லாம் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பேச்சி நடுவில் இருந்தாள்.

விளக்குப் போட்டதும் மாடசாமி தட்டியில் கையூன்றி எழுந்து இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். பேச்சியைத் தேடிக் கண்டுபிடித்து, கோபமாகக்கூட இல்லை, கணக்குத் தெரியாதவர் கேட்பதுபோல் நிதானமாகக் கேட்டார்:

"அப்ப நம்ம வீட்டு ஆத்தா?"

சிவகிரி மாப்பிள்ளை

அதற்கு அடுத்த மாதம் பேச்சி தனியாக வந்தாள். படம் பார்க்க வரவில்லை. கையில் டிக்கெட் இல்லாமல் என் பக்கத்தில் வந்து நின்றாள். மாடசாமி கோமதியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப் போகிறாராம். சிவகிரியில் அவருடைய அக்காள் மகன், மூத்த தாரம் செத்து இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறவன். அவனுக்கு ஆவணியில் கட்டிக்கொடுப்பதாகப் பேசி முடித்துவிட்டார். கோமதி அப்போது எட்டாவதுதான். பிள்ளை இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

நான் மாடசாமியிடம் பேசிப் பார்க்கட்டுமா என்றேன். உபதேசியாரை விட்டுச் சொல்லச் சொல்லட்டுமா என்றேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. பொம்பளை பேச்சும் வேதக்காரர் பேச்சும் அவரிடம் எடுபடாது. அந்தக் கண்ணடிப்புப் படத்தை எடுத்த புண்ணியவானை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது. அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் இவளுக்கு இருந்த ஒரே நாக்கையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். போகும்போது பேச்சி திரும்பி நின்று கேட்டாள்:

"ஆடித் தபசுக்கு அந்தப் பழைய அம்மன் படம் திரும்ப வருதாமேக்கா? ஆத்தாளே வந்து சொல்லட்டும்."

தபசு மாட்னி

தபசுத் திருவிழாக் கூட்டத்துக்குப் பகலிலும் இரண்டு ஆட்டம் போட்டார்கள். இரண்டாவது மாட்னிக்குப் பேச்சியும் மாடசாமியும் வந்தார்கள். நான் டிக்கெட்டைக் கிழிக்காமலே பேச்சியை உள்ளே விட்டுவிட்டேன். மூன்றாவது ரீல் ஓடத் தொடங்கியதும் வேப்பிலையை எடுத்து வைத்துக்கொண்டு, வேதக்காரி நான், எந்தச் சாமியிடம் என்று தெரியாமலே வேண்டிக்கொண்டேன். உடுக்கை ஒலித்தது. பேச்சிக்கு அருள் வந்தது. அப்படி ஒரு ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. விளக்கு வந்தது. "ஏலே மாடா, என் பிள்ளைய..." என்று அந்தக் குரல் தொடங்கியது. தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாடசாமி, உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்காமல், போதும், அந்தக் கண்ணடிக்கிற படத்தை நானும் பார்த்துவிட்டேன் என்றார். ஆண்கள் பக்கம் கொல்லென்று சிரித்தது. பேச்சியின் கை இரண்டும் அப்படியே கீழே விழுந்தன. வழக்கமாக ஆத்தா மலையேறுவாள். அன்றைக்குப் பாதியில் இறக்கிவிட்டார்கள்.

பேச்சி வெளியே வந்தாள். நான் கொடுத்த தண்ணீரைக் குடித்தாள், தலையை அள்ளி முடிந்தாள். வீட்டுக்குப் போவாள் என்று நினைத்தேன். அவள் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு ஆண்கள் வாசலுக்கு நடந்தாள். அந்த வாசலில் பெண்பிள்ளை நின்று நான் பார்த்ததில்லை. படம் முடியும்வரை, இன்னும் ஏழெட்டு ரீல், வெயிலில் நின்றாள். என் வாசலை, தபசுக் கூட்டத்துக்காக உதவிக்கு வந்திருந்த தங்கச்சியிடம் விட்டுவிட்டு நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். ஆட்டம் விட்டதும் கூட்டத்தோடு மாடசாமி வந்தார். பேச்சி குரலை உயர்த்தவில்லை, உடம்பு ஆடவில்லை.

"ஆத்தா சொன்னா கேக்க மாட்டிய, சரி. இப்ப நான் சொல்லுதேன். கோமதி பள்ளிக்கூடத்துக்குத்தான் போவா. சிவகிரிக்கு ஆள் விட்டுச் சொல்லிருங்க. இல்லன்னா நாளைக்கும் இங்கன வந்து நிப்பேன்."

இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் சிரித்த அதே ஆண்கள் செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டார்கள். மாடசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். மறுநாள் பேச்சி சொன்னபடியே வந்து நின்றாள். அதற்கு மறுநாளும் நின்றாள். நாலாவது நாள் வரவில்லை. சிவகிரிக்கு ஆள் போய்விட்டது என்று அவள் ஊர்க்காரி ஒருத்தி சொன்னாள்.

ஆவணி வந்து போனது. கோமதி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். புரட்டாசியில் ஒருநாள் மாடசாமி தனியாகப் படத்துக்கு வந்தார். ஆண்கள் பக்கம் போகாமல் நேராக என் வாசலுக்கு வந்து, துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப நாளாக மனசில் வைத்திருந்ததைக் கேட்டார்:

"தங்கச்சி, ஆத்தான்னா வேப்பிலை அடிச்சுத் தண்ணி தெளிச்சா இறங்கிருவா. இவள எதத் தெளிச்சு இறக்க?"

சாமி உண்டு என்று காட்டிய படத்துக்கும் இல்லை என்று காட்டிய படத்துக்கும் ஒரே கையால் டிக்கெட் கிழித்த எனக்கு இன்றுவரை விளங்காதது, அன்றைக்கு ஆத்தா கொட்டகையோடு நின்றுவிட்டாளா, இல்லை பேச்சிக்குத் துணையாக ஆண்கள் வாசல்வரை நடந்து வந்தாளா என்பது ஒன்றுதான்.