பின்னலின் நுனி

வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து மகளோடு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியதில் அவளுக்கு முடி கொட்டத் தொடங்கியிருந்தது. சீப்பைத் தொடவே எனக்குப் பயம்.

சித்தூரில் ஏறிய இளம்பெண் எதிரே உட்கார்ந்தாள். கழுத்தில் செல்போன் கம்பெனி அடையாள அட்டை, இடுப்பைத் தொடும் பின்னல். அடிக்கடி பின்னலின் நுனியை இழுப்பாள். பிறகு விரலை விரித்துப் பார்ப்பாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். தினமும் மகளின் தலையணையை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

"எங்கம்மா போற?" என்றேன்.

"திருப்பதிக்குக்கா, மொட்டை போட. சின்னதுல எனக்கு கேன்சர். பொழச்சா முடி தரேன்னு அம்மா வேண்டிக்கினாங்க. அப்போ தானா கொட்டிடுச்சு, குடுக்க ஒண்ணுமே இல்ல. முடி வளந்தப்புறம் நான் பயந்துக்கினு தள்ளிப் போட்டுட்டேன். இப்போ நானே குடுக்கப் போறேன்."

"இப்ப பயம் போயிடுச்சா?"

"எங்க போச்சுக்கா? கண்ணாடியில மறுபடி அந்த சீக்கு மூஞ்சி தெரியுமே."

மகள் தலைத்துணியைப் பிடித்தபடி கேட்டாள்: "உனுக்கு திரும்ப மொளச்சுதாக்கா?"

அவள் பின்னலை மகளின் கையில் கொடுத்தாள். "இஸ்து பாரு."

மகள் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வலியில் அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது.

"ஒரு முடிகூட வரலம்மா!" என்றாள் மகள் என்னிடம்.

அவள் இறங்கிய திருப்பதி பிளாட்பாரம் முழுக்க மொட்டைத் தலைகள். அவற்றுக்கு நடுவே அந்த ஒற்றைப் பின்னல் போய்க்கொண்டிருந்தது. மேம்பாலப் படியேறும்போதும் அவள் நுனியை இழுத்து, விரலை விரித்துப் பார்த்தாள். ஆனால் நிற்கவில்லை.