அந்தோனியின் கனடா விற்றமின்

எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில்தான் எழுதப் பழகினேன். தாளில் எழுதிப் படம் பிடித்து முகநூலில் போடுகிறேன்.

இன்று கிளினிக்கில் என் கூட்டாளி அந்தோனி, கனடாவிலிருந்து மகள் அனுப்பிய விற்றமின் போத்தலை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தான். இரத்தம் கட்டாமலிருக்க நாங்கள் இருவரும் ஒரே குளிசைதான் போடுகிறோம்.

"எனக்கும் ரெண்டு தா மச்சான்" என்றேன்.

"ஏலாது. மகள் எனக்கெண்டு அனுப்பினது. உன்ர மகனும் கனடாதானே, அவனிட்டக் கேளன்."

என் மகன் போனில் கோல் எடுப்பதே அரிது என்பது அவனுக்குத் தெரியும்.

மருந்து கொடுக்கும் மிஸ் போத்தலை வாங்கி வாசித்தார். "ஐயா, இதில விற்றமின் கே இருக்கு. உங்கட குளிசையை வேலை செய்ய விடாது. டொக்டரைக் கேக்காமல் போடாதேங்கோ. வேற ஆருக்கும் குடுத்தனீங்களோ?"

"இவன் கேட்டவன் மிஸ். நான் குடுக்கேல்லை" என்றான், என் உயிரைக் காப்பாற்றியவன் போல.

அவனுடைய கஞ்சத்தனத்துக்கு நான் நன்றி சொல்ல வேண்டியதாயிற்று!

அது போதாதென்று, அந்தோனி அங்கிருந்தே அனுப்பிய செய்தியைப் பார்த்த அவன் மகள், கனடாவில் நடுச்சாமத்தில் நித்திரையால் எழும்பிக் கோல் எடுத்து அழுதாள். கிளினிக் முழுவதும் கேட்டது. அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே!

மகனே, நீ இதை வாசிப்பாய். எனக்கு விற்றமின் வேண்டாம், கோல் எடு. அந்தோனி பக்கத்தில் இருக்கும்போது எடு. எடுத்தாயா இல்லையா என்பதை அடுத்த கிழமை இதே கோணல் எழுத்தில் ஊருக்கே எழுதுவேன்.